உம்மா தூரத்தில், பிள்ளை நம் மடியில்

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு ‘நாளை’ என்ற சொல்லின் பொருள் தெரியாது. ‘இரண்டு வருட ஒப்பந்தம்’ என்பதும் தெரியாது. சவூதியும் குவைத்தும் எவ்வளவு தூரம் என்றும் தெரியாது. அதற்குத் தெரிந்தவை ஒரு மடி, ஒரு குரல், ஒரு மணம், ஒரு தாலாட்டு மட்டுமே. அந்த மடி ஒரு நாள் காலையில் காணாமற் போனால் குழந்தையின் மனதில் என்ன நடக்கிறது? வீட்டில் எஞ்சியிருப்பவர்கள் அதற்கு எவ்வாறு துணை நிற்கலாம்? இக்கட்டுரை இவ்விரு வினாக்களுக்கும் விடை தேட முயல்கிறது.

மன்னாரில் வாழும் நமக்குப் பிரிவு புதியதல்ல. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவின் மக்கள் கைக்குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு கடல் வழியாகக் கற்பிட்டிக்குச் சென்று புத்தளத்தில் தஞ்சமடைந்தார்கள். போர் முடிந்து 2009இன் பின்னர் மீள்குடியேற்றம் தொடங்கியபோதும் பல குடும்பங்களால் ஒரே நாளில் திரும்பிவிட முடியவில்லை. வாப்பா மன்னாரில் வீட்டையும் தொழிலையும் சீர்செய்ய, உம்மாவும் பிள்ளைகளும் புத்தளத்தில் தங்கினர். இன்றும் இரண்டு ஊர்களில் இரண்டு அடுப்பு எரியும் குடும்பங்கள் உண்டு. கடற்றொழிலுக்காகப் பருவகாலத்தில் வாடி அமைத்துத் தங்கும் தந்தையரும் உண்டு. இவற்றையெல்லாம் விட நீண்ட பிரிவு, மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகச் செல்லும் தாயின் பிரிவு. கடனும் கட்டி முடியாத வீடுமே பெரும்பாலும் அவளை விமானத்தில் ஏற்றுகின்றன.

இப்பிரிவு குழந்தைகளைப் பாதிக்கும் என்பதை அரசும் உணர்ந்தது. 2013இல், வீட்டுப் பணிக்காக வெளிநாடு செல்ல விரும்பும் பெண்கள் குடும்பப் பின்னணி அறிக்கை பெற வேண்டும் என்ற விதி கொண்டுவரப்பட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தாய்மாருக்கு அப்போது அனுமதி மறுக்கப்பட்டது. அவ்விதி பின்னர் மாற்றங்களுக்கு உள்ளானது. வறுமையை விட்டுவிட்டுத் தாயை மட்டும் தடுப்பது நீதியா என்ற கேள்வியும் எழுந்தது. அந்த விவாதம் பெரியது. விதி எதுவானாலும், தாயைப் பிரிந்த குழந்தை இன்று நம் ஒழுங்கையில் இருக்கிறது. அதற்கு இன்றைக்கே ஒரு மடி வேண்டும்.

குழந்தை எதை அறிகிறது?

“சின்னப்பிள்ளைதானே, அதற்கு என்ன விளங்கப் போகிறது” என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. 1980இல் டிகாஸ்பர், பைபர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பிறந்து மூன்று நாட்களுக்குட்பட்ட சிசுக்கள்கூடத் தம் தாயின் குரலை வேறொரு பெண்ணின் குரலிலிருந்து பிரித்தறிவதைக் காட்டினார்கள். சூப்பியைச் சூப்பும் வேகத்தை மாற்றுவதன் மூலம், தாயின் குரலை மீண்டும் கேட்கும் வழியைச் சிசுக்கள் தெரிந்தெடுத்தன. கருவிலேயே கேட்டுப் பழகிய குரல் அது. தாயின் மணத்தையும் சிசு முதல் வாரத்திலேயே இனங்காணத் தொடங்குகிறது.

எனினும் முதல் சில மாதங்களில், பழகிய வேறொருவர் அன்போடு தூக்கினாலும் குழந்தை பெரும்பாலும் ஆறிவிடும். ஆறு மாதத்திற்கும் எட்டு மாதத்திற்கும் இடையில் ஒரு மாற்றம் நிகழ்கிறது. கண்ணுக்குத் தெரியாத பொருளும் எங்கோ இருக்கிறது என்ற அறிவு அப்போது உருவாகத் தொடங்குகிறது. துணியால் மூடிய விளையாட்டுப் பொருளைத் துணியை விலக்கித் தேடும் குழந்தையை நாம் கண்டிருப்போம். சுவிற்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே இதனைத் தம் சொந்தப் பிள்ளைகளிடம் அவதானித்து எழுதினார். பொருளுக்கு நடப்பதே தாய்க்கும் நடக்கிறது. ‘உம்மா எங்கோ இருக்கிறா, ஆனால் இங்கே இல்லை’ என்பது குழந்தைக்குத் தெரிகிறது. அவர் திரும்பி வருவார் என்பது மட்டும் இன்னும் தெரிவதில்லை.

இதனால்தான் எட்டு மாதம் முதல் ஒன்றரை வயது வரையான காலத்தில் பிரிவின் அழுகை மிகக் கடுமையாக இருக்கிறது. குசினிக்குள் போன உம்மாவைத் தேடித் தவழ்ந்து வரும் பிள்ளையும், புதிய முகத்தைக் கண்டு தோளில் முகம் புதைக்கும் பிள்ளையும் கெட்டுப்போன பிள்ளைகள் அல்ல. அவை சரியாக வளர்கின்றன என்பதற்கு அந்த அழுகையே சான்று. இரண்டு, மூன்று வயதில் மொழியும் நினைவும் வளர, இந்தப் பயம் படிப்படியாகக் குறைகிறது.

அழுகையும் அமைதியும்

இரண்டாம் உலகப் போரின் பின்னர், வீடிழந்த குழந்தைகளின் மனநலம் பற்றி ஆராயும் பணியை உலக சுகாதார நிறுவனம் ஜோன் போல்பி என்ற ஆங்கிலேய மருத்துவரிடம் ஒப்படைத்தது. அவருடைய அறிக்கை 1951இல் வெளிவந்தது. உணவும் மருந்தும் போலவே, தொடர்ச்சியான அன்பான உறவும் சிசுவின் அடிப்படைத் தேவை என்று அது வலியுறுத்தியது. அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் றொபேட்சன், வைத்தியசாலையில் எட்டு நாட்கள் தனியாக அனுமதிக்கப்பட்ட இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம் பிடித்தார். 1952இல் வெளிவந்த அப்படத்தைப் பார்த்த மருத்துவர்கள் பலர் முதலில் கோபமடைந்தனர். ஏனெனில் அந்நாட்களில் பெற்றோரை நோயாளர் விடுதிக்குள் விடுவதே அரிது. அந்நாட்டில் அமைக்கப்பட்ட குழுவொன்று, பிள்ளையைப் பெற்றோர் தடையின்றிப் பார்க்கவும் தாய் உடன் தங்கவும் வழிசெய்ய வேண்டும் என்று 1959இல் பரிந்துரைத்தது.

பிரிந்த குழந்தை மூன்று நிலைகளைக் கடப்பதை இவர்கள் விவரித்தார்கள். முதலாவது எதிர்ப்பு. குழந்தை கத்தி அழும், கதவைப் பார்க்கும், தூக்க வருபவரைத் தள்ளும். இரண்டாவது சோர்வு. அழுகை அடங்கி, விளையாட்டில் நாட்டம் குறைந்து, ஒரு மூலையில் ஒதுங்கும். மூன்றாவது விலகல். குழந்தை சிரிக்கிறது, சாப்பிடுகிறது, யாரிடமும் போகிறது. ஆனால் தாய் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஓர் ஆபத்து உண்டு. இரண்டாம் நிலையில் இருக்கும் குழந்தையைப் பார்த்து, “இப்போது பழகிவிட்டது, அழுவதில்லை” என்று வீட்டார் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். அழும் பிள்ளை இன்னும் நம்பிக்கையோடு தாயை அழைக்கிறது. அழைப்பதையே நிறுத்திவிட்ட பிள்ளைக்குத்தான் நம் மடி அதிகம் தேவை.

ஒருவர் போதும், ஆனால் அந்த ஒருவர் வேண்டும்

பிரிந்த குழந்தைகள் எல்லாம் உடைந்துபோய்விடும் என்பது இதன் பொருளல்ல. றொபேட்சனும் அவருடைய மனைவி ஜொய்ஸும் 1960களின் பிற்பகுதியில், தாய் பிரசவத்துக்கோ சிகிச்சைக்கோ வைத்தியசாலை சென்ற நாட்களில் நான்கு சிறு பிள்ளைகளை, ஒருவர் பின் ஒருவராகத் தம் வீட்டில் வைத்துப் பராமரித்தனர். முன்கூட்டியே பிள்ளையோடு பழகினர். அதன் உணவு, உறக்கம், விளையாட்டு ஆகியவற்றைத் தாயிடம் கேட்டறிந்து அப்படியே தொடர்ந்தனர். பிள்ளையின் சொந்தப் போர்வையையும் தாயின் படத்தையும் வைத்திருந்தனர். தாயைப் பற்றித் தினமும் பேசினர். அப்பிள்ளைகள் வருந்தினாலும் சோர்ந்து விழவில்லை. தாயிடம் திரும்பியபோது உறவு தொடர்ந்தது.

அதே காலத்தில் பதினேழு மாதச் சிறுவன் ஒருவன் ஒன்பது நாட்கள் குழந்தைகள் இல்லமொன்றில் விடப்பட்டான். அங்கு நல்ல தாதியர் இருந்தார்கள். ஆனால் வேலை நேரம் மாற மாற ஆளும் மாறினார்கள். அவன் ஒவ்வொருவரிடமும் போய் இடம் தேடினான். எவரும் அவனுக்கென்று நிலைக்கவில்லை. ஒன்பதாம் நாள் வந்த தாயை அவன் ஏற்க மறுத்துக் கதறினான்.

நமக்கு இதில் பெரிய பாடம் உண்டு. நம் ஊரில் குழந்தையைத் தூக்க ஆள் குறைவில்லை. உம்மம்மா, வாப்பும்மா, சாச்சி, மாமி, பக்கத்து வீட்டார் என எல்லோரும் அன்பானவர்களே. அந்தச் சுற்றம் ஒரு செல்வம். ஆயினும் திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு என்று குழந்தை சுழலக் கூடாது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, உறங்க வைப்பது, இரவில் விழித்தால் தூக்குவது ஆகியவற்றை ஒருவரே பெரும்பாலும் செய்ய வேண்டும். மற்றவர்கள் அந்த ஒருவருக்குத் துணையாக இருக்கட்டும். உகண்டாவின் கிராமங்களில் 1950களில் 26 குடும்பங்களை அவதானித்த மேரி ஏன்ஸ்வர்த், தவழும் குழந்தை தாயிடமிருந்து விலகிச் சென்று உலகை ஆராய்ந்து மீண்டும் மீண்டும் அவளிடமே வருவதைக் கண்டார். திரும்பி வர ஓர் இடம் இருப்பதால்தான் குழந்தை துணிந்து தூரம் போகிறது. தாய் இல்லாதபோது அந்த இடமாக ஒருவர் இருக்க வேண்டும்.

இஸ்லாமிய வரலாறு நமக்கு இதனை முன்பே காட்டியிருக்கிறது. ரஸூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் பிறக்கும் முன்பே தந்தையை இழந்தார்கள். சிசுப் பருவத்தில் ஹலீமா நாயகியிடம் வளர்ந்தார்கள். ஆறு வயதில் அப்வாவில் தாயை இழந்தார்கள். அவர்களை மக்காவுக்கு அழைத்து வந்து தொடர்ந்து பராமரித்த உம்மு ஐமன் அவர்களை வாழ்நாள் முழுவதும் தாய்க்குரிய மரியாதையோடு நடத்தினார்கள். தொழுகையில் குழந்தையின் அழுகுரல் கேட்டால், அதன் தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கியதாக ஹதீஸ்களில் வந்துள்ளது. குழந்தையின் அழுகையை ஒரு செய்தியாகக் கேட்பதற்கு இதைவிட வேறு முன்மாதிரி வேண்டியதில்லை.

புறப்படுவதற்கு முன்

பயணம் முடிவானதும் கடவுச்சீட்டையும் பயணப் பையையும் ஆயத்தம் செய்கிறோம். குழந்தையையும் ஆயத்தம் செய்ய வேண்டும். பொறுப்பேற்பவர் சில வாரங்களுக்கு முன்பே தாயோடு சேர்ந்து வேலைகளைத் தொடங்க வேண்டும். முதல் வாரம் தாய் பக்கத்தில் இருக்க அவர் ஊட்டட்டும். அடுத்த வாரம் தாய் ஒரு மணி நேரம் கடைக்குப் போய் வரட்டும். பிறகு அரைநாள். போனவர் திரும்பி வருகிறார் என்ற அனுபவத்தைக் குழந்தை இப்படித்தான் சேமிக்கிறது. துணியால் முகத்தை மறைத்துத் திறந்து காட்டும் விளையாட்டும் அதே பாடத்தைச் சிரிப்போடு கற்பிக்கிறது.

தாய்ப்பாலை நிறுத்துவதும் தாய் புறப்படுவதும் ஒரே நாளில் நிகழக் கூடாது. இரண்டு இழப்புகளை ஒன்றாகத் தாங்கக் குழந்தையால் முடியாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்பது மருத்துவ அறிவுரை. அல்குர்ஆன் பாலூட்டலின் முழுக் காலமாக இரண்டு ஆண்டுகளைக் குறிப்பிடுகிறது. முன்னதாக நிறுத்த நேர்ந்தால், குடும்பநல உத்தியோகத்தரிடம், அதாவது நம் மிட்வைப் மிஸ்ஸிடம் கேட்டு, படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

புறப்படும் நேரத்தில் பல வீடுகளில் நடப்பது, குழந்தை தூங்கும்போது தாய் சத்தமின்றிப் போய்விடுவது. அழுகையைப் பார்க்க மனம் தாங்காததால் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் விழித்ததும் தாயைக் காணாத குழந்தை, தூங்குவதற்கே பயப்படத் தொடங்கலாம். கொஞ்சி, ஸலாம் சொல்லி, “உம்மா போயிட்டு வாறேன்” என்று கூறி, பொறுப்பேற்பவரின் கையில் கொடுத்துவிட்டுப் போவதே நல்லது. குழந்தை அழும். அழட்டும். அழும்போது அதைக் கட்டியணைக்க ஒருவர் அங்கே இருக்கிறார்.

தாய் உடுத்த, துவைக்காத சால்வை ஒன்றை விட்டுச் செல்லலாம். பொறுப்பேற்பவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு குழந்தையை வைத்திருந்தால் பழகிய மணம் அதற்கு ஆறுதல் தரும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை உறங்கும் இடத்தில் தளர்வான துணியை வைக்கக் கூடாது. அது மூச்சை அடைக்கலாம். தாய் ஓதும் ஸூராக்களையும் பாடும் தாலாட்டையும் கைத்தொலைபேசியில் பதிவு செய்து உறங்கும் நேரத்தில் ஒலிக்க விடலாம்.

தொலைபேசியில் வரும் உம்மா

முந்திய தலைமுறைத் தாய்மார் கசட்டில் குரலைப் பதிந்து அனுப்பினார்கள். இன்று வீடியோ அழைப்பு இருக்கிறது. பொதுவாகச் சிறு குழந்தைக்குத் திரை நல்லதல்ல என்றாலும், உறவினரோடு நேரடியாகப் பேசுவது அதிலிருந்து வேறுபட்டது. பதிவு செய்த படம் குழந்தையின் சிரிப்புக்குப் பதில் சொல்லாது. உம்மா சொல்வார். அந்தப் பதிலில்தான் உறவு இருக்கிறது.

அழைப்பு நீளமாக இருக்கத் தேவையில்லை. ஐந்து நிமிடம் போதும். நேரம் மாறாமல் இருப்பதே முக்கியம். சவூதி, குவைத், கட்டார் ஆகியவை நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியவை. நமக்கு இரவு ஏழு மணி என்றால் அங்கே மாலை நாலரை. அந்நேரம் தாய்க்கு வேலை ஓயாது. எனவே அவருக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தையும் குழந்தை விழித்திருக்கும் நேரத்தையும் பொருத்தி, முன்பே பேசி ஒரு நேரத்தைக் குறிக்க வேண்டும். அழைப்பின்போது குழந்தையை மடியில் வைத்து, “உம்மா சிரிக்கிறா, உம்மாக்கு ஒரு முத்தம் குடுங்க” என்று இணைத்துவிட வேண்டும். தாயும் வீட்டுக் கடன் கணக்கைப் பேசுவதற்கு முன் பிள்ளையோடு பேசட்டும். சில நாட்களில் குழந்தை திரையைத் தள்ளிவிட்டு ஓடும். அது வெறுப்பு அல்ல. தாய் அதைக் கண்டு உடைந்துபோகாமல் இருக்க நாம் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

சொல்லக் கூடாத சொற்கள்

“அழுதால் உம்மா வரமாட்டா” என்பது நம் வீடுகளில் எளிதாக வாயில் வரும் வாக்கியம். தன் அழுகையால்தான் தாய் போனார் என்று நம்பிவிடும் வயதில் பிள்ளை இருக்கிறது. “உம்மா நாளைக்கு வருவா” என்பதும் கூடாது. நாளை வந்ததும் அது பொய்யாகிறது. ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளைக்கு, “உம்மா தூரத்தில வேலை செய்றா. உங்கள விருப்பம். வேலை முடிஞ்சா வருவா. அதுவரைக்கும் நான் இருக்கிறேன்” என்றால் போதும். எல்லாவற்றையும்விடக் கொடியது, பிள்ளை கேட்கத் தாயைப் பற்றிப் புறம் பேசுவது. விட்டுப் போனவள் என்ற சொல்லை அந்தப் பிள்ளை வளர்ந்த பிறகும் மறப்பதில்லை.

ராத்தாவும் பள்ளிக்கூடமும்

சகோதரிகளே, இந்தப் பகுதி நமக்குரியது. உம்மா வெளிநாடு போன வீடுகளில் அடுப்பும் குழந்தையும் பல நேரங்களில் மூத்த மகளின் கையில் விழுகின்றன. தம்பியைத் தூக்குவதும், தங்கைக்குத் தலைவாருவதும், கதை சொல்வதும் அழகான பணிகள். சூரா அல்-கஸஸில் வரும் மூஸா அலைஹிஸ்ஸலாம் அவர்களின் சகோதரியை நினைத்துப் பாருங்கள். ஆற்றில் மிதந்து சென்ற தம்பியைத் தொலைவிலிருந்து கண்காணித்தார். எந்தச் செவிலியின் பாலையும் ஏற்காத குழந்தைக்கு ஒரு குடும்பத்தை அறிந்திருப்பதாகத் தெரிவித்தார். குழந்தை தாயின் மடிக்கே திரும்பியது. அவர் தாயாக மாறவில்லை. தாயையும் பிள்ளையையும் இணைக்கும் பாலமாக நின்றார்.

ராத்தாவின் பங்கு அதுவே. இரவு முழுதும் விழித்திருந்து, காலையில் பாடசாலைக்கு வராமல், சாதாரண தரப் பரீட்சையைக் கைவிட்டு ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை தாயாக வேண்டியதில்லை. அவளும் உம்மாவைப் பிரிந்த பிள்ளைதான். பிள்ளைகளின் படிப்புக்காகவே பல தாய்மார் கடல் கடக்கிறார்கள். மூத்தவளின் படிப்பு நின்றுபோனால் அந்தத் தியாகத்தின் பயன் பாதியாகிறது. ஆகவே தாய் புறப்படும் முன்பே, முதன்மைப் பொறுப்பு வயதுவந்த ஒருவருக்கு என்பதைக் குடும்பம் கூடிப் பேசித் தீர்மானிக்க வேண்டும். வாப்பா வீட்டில் இருந்தால் அவரே அந்த ஒருவராகவும் இருக்கலாம். குழந்தையைக் குளிப்பாட்டுவதால் ஓர் ஆணின் கண்ணியம் குறைவதில்லை. பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடியே நபியவர்கள் தொழுதிருக்கிறார்கள்.

திரும்பி வரும் நாள்

இரண்டு வருடம் கழித்து உம்மா வந்து இறங்குகிறார். பைகள் நிறையப் பொருட்கள், கைகள் நிறைய ஏக்கம். பிள்ளையோ சாச்சியின் உடைக்குப் பின்னால் ஒளிகிறது. “பெத்த உம்மாவையே தெரியல்ல” என்று சுற்றியிருப்போர் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு தாய்க்கு வலிக்கும்.

இந்நேரத்தில் பிள்ளையை இழுத்துக் கையில் திணிக்கக் கூடாது. தாய் தரையில் அமர்ந்து காத்திருக்கட்டும். பிள்ளை தானாக நெருங்கட்டும். முதல் நாட்களில் சாச்சி ஊட்ட, தாய் அருகில் இருக்கட்டும். போகும்போது செய்த மாற்றத்தையே இப்போது எதிர்த் திசையில், அதே பொறுமையோடு செய்ய வேண்டும். சாச்சியிடமிருந்து பிள்ளையை ஒரே நாளில் பிரித்துவிட்டால் அது இரண்டாவது பிரிவாகிவிடும். சில பிள்ளைகள் தாயோடு ஒட்டிக்கொண்டு கழிவறைக்குக்கூட விடமாட்டார்கள். சிலர் கோபப்படுவார்கள், அடிப்பார்கள். இனி இவர் போகமாட்டார் என்று நம்பும் வரை அது தொடரும்.

உதவி தேட வேண்டிய நேரம்

உறக்கம் குழம்புவது, மீண்டும் பாயை நனைப்பது, விரல் சூப்புவது போன்றவை பிரிவின் முதல் வாரங்களில் இயல்பு. ஆனால் உணவைத் தொடர்ந்து மறுத்தல், கிளினிக்கில் நிறுக்கும்போது நிறைக்கோடு இறங்குதல், பேசிய சொற்களை இழத்தல், எவர் முகத்தையும் பாராமல் இருத்தல் ஆகியவை தோன்றினால் தாமதிக்காமல் மிட்வைப் மிஸ்ஸிடமோ மருத்துவரிடமோ காட்ட வேண்டும். பிள்ளை அடிக்கப்படுகிறது அல்லது கவனிப்பாரற்று இருக்கிறது என்று அறிந்தால் 1929 என்ற இலக்கத்தில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்கலாம். அயலவர் செய்ய வேண்டிய கடமை அது.

நம் ஊரில் எந்தத் தாயும் விளையாட்டாகப் பிள்ளையை விட்டுப் போவதில்லை. ஆகவே அவரைக் குறை சொல்லும் நேரத்தில் அவருடைய பிள்ளையை ஒரு மணி நேரம் மடியில் வைத்திருக்கலாம். பொறுப்பேற்ற உம்மம்மாவுக்கு ஒரு நேரச் சோறு கொடுத்தனுப்பலாம். ஒரு மாலையில் மூத்தவளைப் படிக்க விட்டுக் குழந்தையை நாம் பார்த்துக்கொள்ளலாம். இவற்றுக்குப் பணம் தேவையில்லை. அல்லாஹ் பிரிந்த குடும்பங்களை நலமோடு ஒன்றுசேர்ப்பானாக.